சிறிய அறைக்கு எந்த வில்லை?

கடந்த வருடம் இரண்டாம் தவணை முடிவதற்குச் சில நாட்கள் இருக்கையில், எமது கல்லூரியின் பழைய ஓட்டுக் கட்டடம் விடுமுறையில் இடிக்கப்படவிருக்கிறது என்று அதிபர் காலைக் கூட்டத்தில் அறிவித்தார். நான்கே அறைகள் கொண்ட கட்டடம் அது. தையல் அறை, பழைய நூலகம், விளையாட்டுப் பொருட்கள் வைக்கும் அறை, பெயரில்லாத ஒரு களஞ்சிய அறை. இடிக்கும் முன் அவற்றைப் படம்பிடித்து வைக்கும் பொறுப்பு ஊடகக் கழகத்துக்குத் தரப்பட்டது. அப்போது கழகத்தின் செயலாளர் நான். என் உம்மா இதே கல்லூரியில் படித்து, அந்தத் தையல் அறையில்தான் முதன்முதலாக மெசினில் கால் வைத்தவர். ஆகவே வீட்டிலும் ஒரு கட்டளை கிடைத்தது.

"தையலறைய முழுசா எடுத்துட்டு வாங்க மகள்."

அந்த 'முழுசா' என்ற சொல்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

கழகத்திடம் இருப்பது ஒரு கெனன் 1300டி கெமராவும் அதனுடன் வந்த 18-55 வில்லையும். தையல் அறையின் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்று பார்த்தேன். ஒரு ஜன்னல், அரை அலுமாரி, மேசையின் கால் இரண்டு. அவ்வளவுதான் சட்டத்துக்குள் வந்தன. வாசலுக்கு வெளியே போய் நின்றால் கதவு நிலை மறைத்தது. தோழி ஒருத்தியின் கைத்தொலைபேசியில் அகலமாக எடுக்கும் இரண்டாவது கெமரா இருந்தது. அறை முழுவதும் வந்தது. ஆனால் ஓட்டுக் கட்டடத்தின் மங்கல் வெளிச்சத்தில் அந்தச் சிறிய கெமரா எடுத்த படம் பெரிதாக்கிப் பார்க்கையில் ரவையைக் கொட்டியதுபோல் இருந்தது. வட்ஸ்அப்பில் பார்க்க அது போதும். சஞ்சிகையில் முழுப்பக்கத்துக்கு அச்சிடப் போதாது.

பழைய மாணவியர் சங்கம் ஒரு வில்லைக்கு மட்டும் பணம் தர முன்வந்தது. எந்த வில்லை என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரங்கள் எடுத்தன. அந்த மூன்று வாரங்களில் நான் படித்ததையும், செய்த பிழைகளையும், கெமரா வைத்திருக்கும் தங்கைமாருக்காகவும் "லென்ஸ் வாங்கித் தாங்க" என்ற நச்சரிப்பைக் கேட்கும் பெற்றோருக்காகவும் எழுதுகிறேன்.

முதற்பிழை இது. யூடியூப்பில் ஒருவர் "24 மில்லிமீற்றர் நல்ல அகலம்" என்றார். எங்களிடம் 18 இருக்கிறதே, அது இன்னும் அகலமாயிற்றே, பிறகேன் அறை அடங்கவில்லை என்று குழம்பினேன். விடை வில்லையில் இல்லை, கெமராவின் உள்ளே இருக்கும் சென்சரில் இருக்கிறது. அவர் பேசியது முழுச்சட்டக் கெமராவைப் பற்றி. அதன் சென்சர் பழைய பிலிம் சுருளின் அளவு, அதாவது 36க்கு 24 மில்லிமீற்றர். எங்கள் கெமராவின் சென்சர் 22.3க்கு 14.9 மில்லிமீற்றர்தான். இதைத்தான் கிரொப் சென்சர் என்கிறார்கள். ஜன்னலின் நாலு ஓரத்திலும் பலகை அடித்து நடுப்பகுதியை மட்டும் திறந்து வைத்தால் வெளியே இருக்கும் தெரு மாறுவதில்லை, நாம் காணும் பங்குதான் குறைகிறது. சிறிய சென்சர் செய்வதும் அதுவே. கெனனில் இந்தக் குறைவு 1.6 மடங்கு, நிக்கொன், சொனி போன்றவற்றில் 1.5 மடங்கு. எங்கள் 18 மில்லிமீற்றர், முழுச்சட்டக் கெமராவில் ஏறத்தாழ 29 காட்டும் காட்சியைத்தான் காட்டுகிறது. அவர் புகழ்ந்த 24ஐ எங்கள் கெமராவில் மாட்டினால் 38 போலத் தெரியும். ஆகவே ஒரு வில்லையை யாராவது 'அகலம்' என்று சொன்னால், எந்த சென்சரில் என்று முதலில் கேட்க வேண்டும்.

இரண்டாவது பிழைக்குக் கழகத்தின் காசு செலவானது. இருக்கும் வில்லையின் முன்னால் திருகிப் பூட்டும் கண்ணாடி ஒன்று, மேலே '0.45' என்று எழுதியிருக்கும், மலிவாகக் கிடைத்தது. வாங்கினேன். படத்தின் நடு ஓரளவு சரி. ஓரங்கள் ஈரத்துணியால் துடைத்த சுண்ணாம்பு எழுத்துப்போல் இழுபட்டிருந்தன, நாலு மூலையும் கறுப்பு. பொறுப்பாசிரியை ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருந்தது ஏசியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அன்றிரவு வாப்பாவிடம் விசயத்தைச் சொன்னேன். வாப்பா தச்சு வேலை செய்பவர். வில்லையைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் அளக்காமல் பலகை வாங்குவோரைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது.

"எங்க நிண்டு எடுக்கப் போறீங்க மகள்?"

"மூலைக்குள்ள வாப்பா. அங்க நிண்டாத்தான் ரெண்டு சுவரும் தெரியும்."

"அப்ப உங்களுக்கு மூலைமட்டம் அளவுக்குத் தெரியோணும். அதுக்கு எந்த லென்ஸ் எண்டு பாருங்க."

அவர் சொன்னதன் அர்த்தம் கணிதப் புத்தகத்தைத் திறந்த பிறகுதான் விளங்கியது. அறையின் மூலை 90 பாகை. மூலைக்குள் கெமராவை வைத்து, இரு பக்கச் சுவர்களும் சட்டத்துக்குள் வரவேண்டுமானால் வில்லை காணும் கோணம் குறைந்தது 90 பாகை இருக்க வேண்டும். இதைக் கணிக்க தரம் 11 திரிகோணகணிதம் போதும். சென்சர் அகலத்தின் பாதியை வில்லையின் குவியத்தூரத்தால் வகுத்தால் பாதிக் கோணத்தின் தான்சன் பெறுமானம் கிடைக்கும். எங்கள் சென்சரின் அகலத்தில் பாதி 11.15 மில்லிமீற்றர். அதை 18 ஆல் வகுத்தால் 0.62. அட்டவணையில் பார்த்தால் அது சுமார் 32 பாகை. இரட்டித்தால் 64. மூலைமட்டத்துக்கு 26 பாகை குறைவு! அலுமாரி ஏன் பாதியாக வந்தது என்று ஒரே வரியில் தெரிந்துவிட்டது.

மற்ற எண்களையும் போட்டுப் பார்த்தேன். 16 மில்லிமீற்றருக்கு 70 பாகை. 12க்கு 86. 11க்கு 91. 10க்கு 96. அதாவது அறையின் மூலைக்குள் நின்று எடுப்பவருக்கு 11 மட்டுமட்டாகப் போதும், 10 கொஞ்சம் தாராளம், 12 கொஞ்சம் தட்டுப்பாடு. நிக்கொன் சென்சர் சற்று அகலம் (23.5 மில்லிமீற்றர்) என்பதால் அதில் 10க்கு 99 பாகை வரும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 18க்கும் 10க்கும் வித்தியாசம் 8 மில்லிமீற்றர், அதற்கு 32 பாகை கிடைக்கிறது. அதே 8 மில்லிமீற்றர் 47க்கும் 55க்கும் இடையில் வெறும் 4 பாகை. தூரத்தை எடுக்கும் வில்லையில் பத்து மில்லிமீற்றர் கூடினால் என்ன குறைந்தால் என்ன, அகல வில்லையில் ஒவ்வொரு மில்லிமீற்றரும் காசு பெறும். "17-50 ஒன்று இருக்கு, அதுவும் வைட்தான்" என்று கடைக்காரர் சொன்னால் நீங்கள் வாங்கப்போவது ஏற்கெனவே இருப்பதை என்று அர்த்தம்.

இப்படிக் கழித்துக் கழித்து மூன்றில் வந்து நின்றேன். முதலாவது கெனன் 10-22, 2004இல் வந்தது. உறுதியானது, கெமராவோடு பூட்டும் வளையம் உலோகம், நிறை 385 கிராம். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி இல்லை. இரண்டாவது டொக்கினா 11-16. எஃப் 2.8 வரை திறக்கும், நிறை அரைக் கிலோவுக்கும் மேல். மூன்றாவது 2014இல் வந்த கெனன் 10-18. பூட்டும் வளையம் பிளாஸ்ரிக், 240 கிராம்தான், எஃப் 4.5க்கு மேல் திறக்காது, ஆனால் நடுக்கக் கட்டுப்பாடு உண்டு. சிக்மா 10-20, டெம்ரோன் 10-24 ஆகியவையும் கெனனுக்குப் பூட்டக்கூடியவையாக வந்திருக்கின்றன. நான் தேடிய நாட்களில் அவை என் கண்ணில் படவில்லை. விலைகளை இங்கே எழுதவில்லை. டொலர் மாறினால் அதுவும் மாறும், நீங்கள் இதை வாசிக்கும் நாளில் என் எண் பொய்யாகியிருக்கும்.

கழகத்தில் எல்லோருக்கும் டொக்கினாவில்தான் ஆசை. எஃப் 2.8, எஃப் 4.5ஐ விட இரண்டரை மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். மங்கலான அறைக்கு அதுதானே வேண்டும் என்றார்கள். நானும் இரண்டு நாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நாங்கள் எடுக்கப்போவது சுவரையும் அலுமாரியையும். அவை அசையா. முக்காலியில் கெமராவை வைத்து இரண்டு விநாடி திறந்து வைத்தாலும் அலுமாரி பொறுமையாக நிற்கும். அதுவுமன்றி, அறையின் முன்பக்கமும் பின்பக்கமும் ஓரமும் கூர்மையாக வர எப்படியும் எஃப் 8க்கு மூடித்தான் எடுப்போம். அப்படியிருக்க 2.8க்குக் கொடுக்கும் காசு பெட்டிக்குள் தூங்கும். மேடை நிகழ்ச்சியை அருகில் நின்று எடுப்பவர், இரவு வானத்தை எடுப்பவர், இவர்களுக்கு டொக்கினாதான் சரி. ஆள் அசைந்தால் நடுக்கக் கட்டுப்பாட்டால் ஒன்றும் செய்ய முடியாது, அது எம் கையின் நடுக்கத்தை மட்டுமே சரிசெய்யும். நீங்கள் எதை எடுக்கப்போகிறீர்கள் என்பதைக் கேட்காமல் "எது நல்ல லென்ஸ்" என்று பதில் சொல்பவரை நம்ப வேண்டாம்.

நிக்கொன் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. 3000, 5000 வரிசைக் கெமராக்களின் உடலில் குவியப்படுத்தும் மோட்டார் இல்லை. டொக்கினா 11-16 இன் முதற்பதிப்பு நிக்கொனுக்காக வந்தபோது வில்லையிலும் மோட்டார் இல்லை, இரண்டாம் பதிப்பில்தான் சேர்த்தார்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று முதற்பதிப்பை வாங்கினால் கையால்தான் திருப்ப வேண்டும். 2017இல் வந்த நிக்கொன் 10-20 இலேசானது, நல்லது, ஆனால் அந்த ஏஎஃப்-பீ வகை வில்லைகள் பழைய நிக்கொன் உடல்கள் சிலவற்றில் குவியப்படாது. கெமராவைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

வாப்பாவுக்குக் கொழும்பில் வேலை இருந்த ஒரு நாளில் நானும் கூடப் போனேன். முதற் கடையில் பாவித்த 10-22 ஒன்று இருந்தது. கண்ணாடி பளபளவென்று இருந்தது. கைத்தொலைபேசியின் டோர்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்துச் சரித்துப் பார்த்தபோது உள்ளே சிலந்தி நூல்போல் வெண்ணிறக் கோடுகள் தெரிந்தன. அது பூஞ்சணம். எங்கள் நாட்டு ஈரப்பதத்தில் மூடிவைத்த வில்லைக்கு வரும் நோய். "அது தூசி தங்கச்சி, துடைச்சாப் போயிரும்" என்றார் கடைக்காரர். தூசி கிளைவிட்டு வளர்வதில்லை. இரண்டாவது கடையில் பாவித்த 10-18 ஒன்றை டோர்ச் அடித்து, ஸூம் வளையத்தைத் திருப்பி, கெமராவில் மாட்டி, எதிர்ச்சுவரை எடுத்து நாலு மூலையும் ஒரேயளவு கூர்மையா என்று பெரிதாக்கிப் பார்த்து வாங்கினோம். இப்போது அது மூடி இறுகிய பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு இருக்கிறது. அரிசி டின்னுக்குள் வைக்கலாமே என்று உம்மா சொன்னார். அரிசித் தவிடு ஸூம் வளையத்துக்குள் போய்விடும் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பஸ் ஏறும் முன் புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்புப் பள்ளிவாசலின் முன்னால் நின்றோம். 1909இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த ஜாமிஉல் அல்பாரைப் படமெடுக்காதவர் குறைவு. ஆனால் தெரு ஒடுக்கம், பின்னால் போக இடமில்லை. எல்லோரும் கெமராவை மேல்நோக்கிச் சரித்து எடுப்பார்கள், மினாராக்கள் பின்னால் சாய்ந்து விழப்போவதுபோல் வரும். என் முதற்படமும் அப்படியே வந்தது. அகலக் கோணத்தில் சரிவு இன்னும் மோசமாகத் தெரியும். கெமராவை நிமிர்த்தி, நேர்மட்டமாகப் பிடித்தேன். மினாராக்கள் நிமிர்ந்துகொண்டன. ஆனால் படத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தெருவும் முச்சக்கர வண்டிகளும் மூட்டை தள்ளும் நாட்டாமிமாரும். கீழே இருப்பதைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். கணினியிலும் சாய்வை நேராக்கலாம், ஆனால் அதற்கு ஓரங்களை இழக்க வேண்டும்.

அந்த அனுபவம் பழைய கட்டடத்தின் முகப்பை எடுக்க உதவியது. எதிர்ச்சுவருக்கும் கட்டடத்துக்கும் இடையில் 8 மீற்றர். கெமரா தரையிலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் நேர்மட்டமாக, சட்டம் நெட்டாக. 18இல் ஆறரை மீற்றர் உயரம் வரைதான் தெரியும், முகட்டு ஓடு வெட்டுப்படும். 10இல் பத்து மீற்றருக்கும் மேல். முகடும் அதன் மேலிருந்த காகமும் வந்தன.

அறைகளை எடுத்து முடித்த மகிழ்ச்சியில் நான் செய்த அடுத்த வேலைதான் மூன்றாவது பிழை. மாணவத் தலைவியரின் குழுப்படத்தையும் அதே வில்லையால், அருகில் நின்று, 10இல் எடுத்தேன். எல்லோரும் அழகாக அடங்கினார்கள். அச்சுக்குப் போகும் முன் படத்தைப் பார்த்த, வரிசையின் ஓரத்தில் நின்ற மாணவியின் உம்மா, "இது எங்கட புள்ளையா?" என்று கேட்டார். அவளுடைய முகம் பூசணிக்காயைப் படுக்க வைத்ததுபோல் இழுபட்டிருந்தது. அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இது வில்லையின் பழுதல்ல. நேர்க்கோட்டை நேர்க்கோடாகவே காட்டும் எந்த அகல வில்லையும் ஓரத்திலிருக்கும் உருண்டைப் பொருளை வெளிப்பக்கமாக நீட்டும். கணக்குப்படி 10இல் சட்டத்தின் வலது, இடது ஓரத்தில் தலை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அகலும். 18இல் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சுவரில் தெரியாது, முகத்தில் தெரியும். மறுநாள் எல்லோரையும் வலைப்பந்துத் திடலுக்கு அழைத்துப்போய், பழைய வில்லையை 35இல் வைத்து, நன்றாகப் பின்னால் போய் எடுத்தேன். பின்னால் போக இடமிருந்தால் அகல வில்லையைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள்.

வேறு சில சில்லறை விசயங்கள். 18-55க்கு வாங்கிய 58 மில்லிமீற்றர் பில்டர் இதற்குப் பொருந்தாது, இது 67. பொலரைசர் பில்டர் போட்டால் நீல வானத்தில் ஒருபக்கம் கறுத்தும் மறுபக்கம் வெளிறியும் வரும், அத்தனை அகலத்தில் வானம் ஒரே சீராக இருப்பதில்லை. கெமராவில் உள்ள ஃபிளாஷ் 10இன் அகலத்துக்கு எட்டாது, ஓரங்கள் இருண்டுவிடும். முக்காலியில் வைத்தால் நடுக்கக் கட்டுப்பாட்டை நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று, இதை நான் பிந்தித்தான் யோசித்தேன். 10இல் எடுத்த தையல் அறைப் படத்தைப் பழைய மாணவியர் கூட்டத்தில் காட்டியபோது ஒரு தாத்தா சிரித்துவிட்டு, "எங்கட தையலறை இவ்வளவு பெரிசா இருந்ததே இல்ல" என்றார். உண்மைதான். அருகிலிருக்கும் மேசை பெருத்து, எதிர்ச்சுவர் எங்கோ தள்ளிப்போய், அறை மண்டபம்போல் ஆகிவிட்டது. வீடு விற்பவருக்கு அது வசதி. இல்லாமற்போகும் ஒரு கட்டடத்தைப் பதிந்து வைப்பவருக்கு அது பொய். நல்லவேளையாக, கட்டடம் இடிபட இன்னும் நான்கு நாட்கள் இருந்தன. திரும்பப்போய் 13இல் எடுத்தேன். 81 பாகை. சுவர்களின் அருகோரம் சிறிது போனது, ஆனால் மேசைகளுக்கிடையில் இரண்டு பேர் முட்டிக்கொள்ளாமல் நடக்க முடியாத அந்த நெருக்கம் படத்தில் வந்தது. சஞ்சிகையின் நடுப்பக்கத்தில் நீங்கள் காண்பது அந்தப் படம்தான்.

அச்சான படத்தை உம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார். ஜன்னல், அலுமாரி, கரும்பலகை எல்லாவற்றையும் விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். பிறகு, "கதவடி மூலையில என்ட மெசின் இருந்திச்சே, அது எங்க?" என்று கேட்டார்.

நான் முக்காலியை வைத்திருந்த மூலை அது. இரண்டு தரமும் அங்கே நின்றே எடுத்திருந்தேன். எந்தப் படத்திலும் அது இல்லை. கட்டடம் அப்போது இடிந்து ஒரு மாதமாகியிருந்தது. அறையை எடுப்பவர்கள் எதிரெதிர் மூலைகள் இரண்டிலும் நின்று ஒவ்வொன்று எடுக்க வேண்டும். நூலகத்தை நான் அப்படித்தான் எடுத்திருந்தேன்.